எட்டாவது வேற்றுமை

நாங்கள் மூன்று பேர்,
நாட்டுக்குள் வரும் புதுப் பெயர்களுக்கு
வாசற்காவல்.
மாதம் ஒருமுறை ரெய்க்யவிக்கில் கூடுவோம்.
ஈரக் கையுறைகள் ஹீட்டர்மேல் கிடக்கும்.
காப்பி ஆறும்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு கடிதம்,
போலுங்கார்விக்கிலிருந்து. மீன்பிடி ஊர்.
எழுதியவள் ஸ்டெய்ன்வோர்:
"ஒன்பது நாள் புயல்.
என் வீட்டுக்காரரின் படகு வெளியே.
பத்தாம் நாள் விடியலில் காற்று நின்றது,
கொடியில் போட்ட துணிகூட ஆடவில்லை.
படகு வந்தது. பிள்ளையும் வந்தாள்.
லோக்ன் என்று பெயர் வைக்க
அனுமதி தாருங்கள்."

லோக்ன் என்றால் காற்றே இல்லாத அமைதி.
எங்கள் தீவில் அது
அபூர்வமாகக் கிடைக்கும் சரக்கு.

கெட்டில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"வானிலை அறிக்கையில் வருகிற சொல்.
இரவுதோறும் வானொலி
அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருக்குமா?
அதுவும் போகட்டும்,
வேற்றுமை ஏற்று வளைகிறதா, பாருங்கள்.
உடைமையில் 'லோக்ன்ஸ்'.
குறுகிய பாலத்தில் மூன்று லாரிகள்போல
மெய்யெழுத்துகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன."

சுன்னேவா சிரித்தாள், எங்களில் இளையவள்.
"கல் என்று முதன்முதலாக மகனுக்குப் பெயர் வைத்தவன்
யாரிடம் மனுப் போட்டான்?
உங்கள் பெயருக்கே
அண்டா என்றுதானே அர்த்தம், கெட்டில்?"

ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.
மிச்சம் நான்.

என் இழுப்பறையில் வேறொரு கடிதம் இருந்தது.
நாற்பத்தோரு வயது ஆள். பெயர் தாப்.
தாப் என்றால் தோல்வி.
சீட்டாட்டத்தில் படகைத் தோற்ற அப்பா
குடிவெறியில் வைத்த பெயர்.
"பள்ளி அணி தோற்றபோதெல்லாம்
என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்" என்று எழுதியிருந்தார்.
"அன்று உங்களில் ஒருவராவது
'வேண்டாம்' என்றிருக்கக் கூடாதா?"

அந்த 'வேண்டாம்' என் கையில் தங்கிவிட்டது.
அதைத் தாப்புக்குக் கொடுக்க முடியாமல்
லோக்னுக்குக் கொடுத்தேன்.

இரண்டுக்கு ஒன்று. நிராகரிக்கப்பட்டது.
பதில் போய்ச் சேர்கிறவரை
தடுப்பூசி அட்டையில் அவள்
வெறும் 'சிறுமி'.

தாப்புக்குப் பெயரை மாற்றிக் கொடுத்தோம்.
பௌர்துர் என்று அழகான பெயர்.
கிறிஸ்துமசுக்கு அட்டை அனுப்பினார்:
நன்றி, வங்கியில் பௌர்துர்,
துறைமுகத்தில் இன்னும் தாப்தான்.

நான்கு வருடம் கழித்து
வேறேதோ வேலையாக அந்த ஊருக்குப் போனேன்.
மாலையில் வெந்நீர்க் குளத்துக்கு.
வெளியே பனி குறுக்காக அடித்தது.
கழுத்தளவு நீரில் ஊர்க்கதை பேசுகிற ஆண்கள்,
அவர்கள் நடுவே ஒரு பையன்
கைகளைக் குவித்துக் கத்தினான்:
"லோ...க்ன்!"

அந்த இரண்டு மெய்களுக்கு நடுவே
எங்கிருந்தோ ஓர் உயிரெழுத்தை
அவனே நுழைத்திருந்தான்.
லாரிகள் போய்விட்டன. பாலம் திறந்தது.
மஞ்சள் மிதவை கட்டிய சிறுமி திரும்பினாள்.
நானும் திரும்பினேன்.

பதிவேட்டில் அவள் குத்ஃபின்னா.
எனக்குத் தெரியும், தேடிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மொழிக்கு வேற்றுமை நான்கு.
தெற்கே, வெகு தெற்கே ஒரு மொழியில்
எட்டு உண்டாம்;
அந்த எட்டாவது
கூப்பிடுவதற்கென்றே வைத்திருக்கிறார்களாம்.
மாணவியாக இருந்தபோது படித்து
பரீட்சை முடிந்ததும் மறந்தது.
எங்கள் விதிப்புத்தகத்தில்
அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

சுன்னேவா சொன்னதுதான் சரி
என்று எழுத உட்கார்ந்தால்
பள்ளி மைதானத்தில்
தாப் தலைகுனிந்து நிற்கிறார்.
கெட்டில் பக்கம் போனால்
அந்தப் பையன் கத்துகிறான்.

உடைமாற்றும் அறையில்
கொக்கிகளில் துண்டுகள் வரிசையாக.
கடைசிக் கொக்கியில் சின்னதாய் ஒன்று,
ஓரத்தில் கறுப்பு மையில்
அம்மாவின் கையெழுத்து.
அதே சாய்வு, எனக்கு அடையாளம் தெரிந்தது.

'லோக்ன்ஸ்.'
லோக்னுடையது.
இலக்கணம் பிசகாமல்
சொட்டிக்கொண்டிருந்தது.